ஒரு மாத நோட்டீஸ்

1

போன கிழமை என் மாமியாருக்கு நாலாவது திவசம். நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுப் பின்வளவில், உடுப்புக் காயப்போடும் கம்பிகளுக்குக் கீழே, என் மனைவி மனோன்மணி ஒரு பீங்கானில் சோறும் கறிகளும் வைத்துவிட்டுக் காகத்தைக் கூப்பிட்டாள். வாழையிலை இங்கே இல்லை. ஐயரும் இல்லை. பஞ்சாங்கம் மட்டும் கப்பலில் வந்து சேரும், அதுவும் வருடம் பிறந்து மூன்று மாதம் போன பிறகு. அவள் கூப்பிட்ட குரலுக்குப் பக்கத்து வீட்டு நாய்தான் முதலில் பதில் சொன்னது. பிறகு கறுப்பும் வெள்ளையுமாக இந்த நாட்டுப் பறவை ஒன்று வேலியில் வந்து குந்தி, எங்களை மேலும் கீழும் பார்த்து, இறங்கி வந்து கத்தரிக்காய்க் கறியை மட்டும் தின்றுவிட்டுப் போனது.

"அம்மாவுக்குக் கத்தரிக்காய் எண்டால் காணும், வேறை கறி வேண்டாம்" என்றாள் மனோ.

பத்து வயது மகள் சுபா, அது மக்பை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தாய் பார்த்த பார்வையில் பிள்ளை மேற்கொண்டு பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

நான் அந்த நேரம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு நான் வேறு எங்கோதான் பார்க்கிறேன். மனோவின் தாய் செத்தபோது மனோ பக்கத்தில் இல்லாமல் போனதற்குக் காரணம் நானும், எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் நினைத்திருந்த ஓர் ஆங்கிலச் சொல்லும். நாலு வருடமாக இது எனக்கு மட்டும் தெரிந்திருந்த விஷயம். அவளுக்கு நான் சொல்லவில்லை. ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போது சொல்லத் துணிந்ததற்குக் காரணம், போன சனிக்கிழமை எங்கள் குசினியில் நடந்த ஒரு சின்னச் சம்பவம். அதற்கு வருவேன். முதலில் அந்தக் காசைப் பற்றிச் சொல்லவேண்டும்.

2

நாங்கள் இங்கே வந்து இறங்கியது எழுபத்துமூன்றில். யாழ்ப்பாணக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தின் காணிப் பகுதியில், பதினொரு வருடம் இலிகிதராகப் பைல் பார்த்தவன் நான். இங்கே டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையின் சாமான் ஸ்ரோரில் ஆணியும் அதை இறுக்கும் சுரையும் எண்ணி அடுக்குகிற வேலை. வேலையைப் பற்றிக் குறை சொல்ல வரவில்லை. ஆணியும் சுரையும் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

மனோ ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று தாய்க்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். இரண்டு வருடத்துக்குள் ஒருதரம் வந்து முகம் காட்டிவிட்டுப் போவேன் என்று. அவளுக்குச் சின்ன வயதிலேயே தகப்பன் இல்லை. தாயும் மகளும் கலியாணத்துக்கு முதல்நாள் வரை ஒரே பாயில் படுத்தவர்கள். தம்பி பாலன் இருந்தான். ஆனால் அவன் ஆண்பிள்ளை, அவனிடம் தாய் எதையும் கேட்கமாட்டா.

பயணக் காசு ஒரு பால்மாத் தகரப் பேணியில், குசினித் தட்டின் மேல் சேர்ந்தது. சேர்ந்தது என்று சொல்வது பிழை. வந்து வந்து போனது. சுபாவுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கினோம். முதலாவது குளிருக்கு ஹீற்றர் வாங்கினோம். எனக்குப் பல் பிடுங்கினார்கள். ஒன்றாவது அநியாயச் செலவு என்று சொல்ல முடியாது. நியாயமான செலவுதான் காசை அழிக்கிறது. அநியாயச் செலவென்றால் மனுசன் கொஞ்சம் யோசித்துத்தான் செய்வான்.

ஒருநாள் மனோ பேணியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இந்தக் காசை எங்கடை கைக்கு எட்டாத இடத்திலை வைக்கவேணும்."

"பாங்கிலை போட்டால் போச்சு."

"பாங்கிலை போட்டாலும் நீங்கள் போய் எடுப்பியள். நீங்கள் கேட்டாலும் தராத பாங்காப் பாருங்கோ."

அப்படி ஒரு கணக்கு உண்மையாகவே இருந்தது. வட்டி கொஞ்சம் அதிகம், எடுக்கிறது கொஞ்சம் கஷ்டம். நாங்கள் இரண்டு பேரும் போனோம். மனோவின் ஆங்கிலம் அப்போது மரக்கறிக் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான ஆங்கிலம். அவள் பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். நான் என் கச்சேரி ஆங்கிலத்தில், காசு என் கைக்கே எட்டக்கூடாது என்று பாங்குப் பொடியனுக்கு விளக்கினேன். அவன் சிரித்தான். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால்தான் எடுக்கலாம் என்று எழுதுவோமா என்று கேட்டான். எழுது என்றேன். பிறகு அவன், ஒரு மாத நோட்டீஸ் இல்லாமல் இதைத் தொடமுடியாது என்று சொல்லி, புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சடித்திருந்த வரியைக் காட்டினான். விளங்கியதா என்று கேட்டான்.

எனக்கு ஆங்கிலம் விளங்கியதா என்று, மீசை முளைக்காத ஒருவன் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

"பெர்ஃபெக்ற்லி" என்றேன்.

வெளியில் வந்ததும் மனோ கேட்டாள், அவர் கடைசியாக என்ன சொன்னவர் என்று.

"பாங்கிலையிருந்து நோட்டீஸ் வரும். வந்து ஒரு மாதத்தாலைதான் காசை எடுக்கலாம். அதுக்கு முதல் நான் தலைகீழா நிண்டாலும் எடுக்கேலாது."

"அப்ப நல்லது" என்றாள்.

3

என்னைப் பார்த்துச் சிரிக்கமுதல் ஒன்று சொல்லுங்கள். உங்களில் யாராவது உங்கள் வாழ்நாளில் ஒரு கந்தோருக்கு, ஓர் அலுவலகத்துக்கு, நோட்டீஸ் கொடுத்திருக்கிறீர்களா?

எனக்குத் தெரிந்த நோட்டீஸ் எல்லாம் மேலிருந்து கீழே வருகிறவை. வழக்குக் கோட்டிலிருந்து வரும். கச்சேரியிலிருந்து வரும். நகரசபையிலிருந்து வரும். பக்கத்து வீட்டுக்கு நோட்டீஸ் வந்திட்டுதாம் என்றால், ஒழுங்கை முழுவதும் அன்றைக்கு அதுதான் கதை. வந்த வீட்டில் சோறு இறங்காது. காணிக்கு அனுமதி கேட்டு எழுதிப்போட்டவர்கள், விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் எப்போது வரும் என்று பஸ் ஏறிக் கச்சேரி வாசலுக்கு வந்து நிற்பார்கள். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நோட்டீஸ் இன்னும் வரேல்லை ஐயா" என்பார்கள். வரும்போது வரும், போங்கோ என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அவர்களுடைய நோட்டீஸ் சில வேளை என் மேசைத் தட்டிலேயே இருக்கும். தட்டச்சுச் செய்து, ஒரு கையெழுத்துக்காகக் கிடக்கும். கையெழுத்து வைக்கிற ஐயா ஊர் ஊராகச் சேர்க்கிட் போயிருப்பார், அல்லது எனக்கு உள்ளே கொண்டுபோக அலுப்பாக இருக்கும். மாதக் கணக்கில் கிடந்ததும் உண்டு. கிடந்ததால் யாருக்கு என்ன நடந்தது என்று ஒருநாளும் நான் விசாரித்ததில்லை. அதை இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

4

அடுத்த வருடம் ஆனி மாதம், இங்கே குளிர் தொடங்கிய நேரம், பாலனிடமிருந்து எயர்மெயில் வந்தது. அம்மாவின் வயிற்றில் கட்டி. வெட்டிப் பிரயோசனமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நாலைந்து மாதம் இருக்கலாமாம். அக்காவைக் கேட்கிறா, என்று முடித்திருந்தான்.

மனோ அதை மூன்றுதரம் வாசித்தாள். அழவில்லை.

"நான் போகவேணும்."

"போகத்தான் வேணும். நோட்டீஸ் வரட்டும்."

"ஒருக்கால் போய்க் கேட்டுப் பாத்தால் என்ன?"

"கேட்டால் கெதியா அனுப்புவாங்களே? கந்தோர் நடைமுறை எனக்குத் தெரியும். நச்சரிச்சால் பைலைத் தூக்கி அடியிலை வைப்பாங்கள்."

நான் அப்படி வைத்தவன். அதனால்தான் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

கடன் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் அப்போது இரண்டு. இரண்டும் எங்களைப்போல நேற்று வந்து இறங்கியவை. அதோடு, சொந்தக் காசு பாங்கில் இருக்க நான் ஏன் ஒருவனிடம் போய் நிற்கவேண்டும்? நோட்டீஸ் இன்றைக்கோ நாளைக்கோ வரத்தானே போகிறது. இதே விளக்கத்தைப் பாலனுக்கும் எழுதினேன். பாங்கிலிருந்து நோட்டீஸ் வந்ததும் அக்கா வெளிக்கிடுவா, அம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல் என்று.

இங்கே தபால்காரன் சைக்கிளில் வந்து பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டுவிட்டு விசில் ஊதுவான். அந்த விசில் கேட்டதும் மனோ கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவாள். வந்தது எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்து, நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றமுதல் மேசையில் பரப்புவாள்.

"இது?"

"காஸ் பில்."

"இதிலை பெரிய எழுத்திலை போட்டிருக்கு."

"அது சப்பாத்துக் கடையிலை மலிவு விற்பனை."

கடைகளின் நோட்டீஸ் கட்டுக்கட்டாக வந்தது. கோழி மலிவு, கம்பளம் மலிவு, புல்லு வெட்டும் மெஷின் மலிவு. எங்களுக்கு வேண்டிய நோட்டீஸ் ஒன்றுதான் வரவில்லை. நான் பொறுமையாக இருந்தேன். தாமதம் எனக்குப் பழகிய சாமான். தாமதிக்கிறார்கள் என்றால் ஒழுங்காகப் பார்க்கிறார்கள் என்று மனோவுக்கு நியாயம் வேறு சொன்னேன்.

அந்த நாட்களில் ஒன்று நடந்தது. எங்கள் ஸ்ரோரில் கொஸ்தா என்று ஒரு கிரேக்கன் என்னோடு வேலை செய்தான். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம், வாய் நிறையப் பாண் ரொட்டியை வைத்துக்கொண்டு, இன்றைக்கு முதலாளிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டேன் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னான். நான் உள்ளுக்குள் சிரித்தேன். பாவம், வேலையால் நிற்பாட்டி இவனுக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள், அதைச் சொல்லத் தெரியாமல் திருப்பிச் சொல்கிறான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மனோவுக்கும் அதைப் பகிடியாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எத்தனை பிள்ளைகளோ, இனி என்ன செய்யப்போகுதுகளோ என்று கவலைப்பட்டாள்.

கொஸ்தா அடுத்த மாதம் ஸ்பிரிங்வேலில் சொந்தமாக மீன்பொரியல் கடை திறந்தான். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

5

ஆவணி முடிகிற நேரம் தந்தி வந்தது. நான் வேலையில் நின்றேன். வேலைக்குப் போன் எடுத்து என்னைக் கூப்பிடச் சொல்ல மனோவுக்கு ஆங்கிலம் போதவில்லை. நான் வருமட்டும் தந்தியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்திருக்கிறாள். பள்ளியால் வந்த சுபாவும் புத்தகப் பையைக் கழற்றாமல் பக்கத்தில் இருந்தாள்.

கொஞ்ச நாளில் பாலனின் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கடைசி நாட்களில் வேறு நினைவு இல்லையாம். "பாங்குக்காரர் கடுதாசி அனுப்பிப்போட்டாங்களோ?" என்பதுதான் கேள்வியாம். ஒழுங்கையில் தபால்காரனின் பெல் கேட்டால் தலையைத் தூக்குவாவாம். அந்தக் கடிதம் அக்கா வீட்டுக்குத்தான் போகும், இஞ்சை வராது என்று பலதரம் சொல்லிப் பார்த்தானாம். ஓம் என்றுவிட்டு, அடுத்தநாள் திரும்பவும் தலையைத் தூக்குவாவாம்.

மனோ அந்தக் கடிதத்தை என்னைக் கொண்டு உரக்க வாசிப்பித்துக் கேட்டாள்.

6

மாமி செத்து மூன்றாம் கிழமை நான் பாங்குக்குப் போனேன். விசாரிக்கப் போகவில்லை, ஏசப் போனேன். மத்தியான இடைவேளையில் ரயில் பிடித்து, வழி நெடுக ஆங்கிலத்தில் வசனங்களைக் கோத்துக்கொண்டு போனேன். ஒரு நாகரிகமான நாட்டில், ஒரு நாகரிகமான பாங்கு, ஒரு நோட்டீஸ் அனுப்ப இத்தனை மாதம் எடுக்கலாமா? உங்கள் அசட்டையால் ஒரு மகள் தாயின் முகத்தைப் பார்க்காமல் போனாள் என்பது உங்களுக்குத் தெரியுமா? நல்ல வசனங்கள். கவுண்டரில் நின்ற பெண்பிள்ளை பயந்து போய் மனேஜரைக் கூப்பிட்டாள்.

மனேஜர் வயது போன மனிதர். என்னை உள்ளே கூட்டிப்போய் இருத்தி, நான் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு என் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி, அந்த வரிக்குக் கீழே விரலை வைத்தார். நோட்டீஸ் நாங்கள் அனுப்புவதில்லை, நீங்கள்தான் எங்களுக்குத் தரவேண்டும் என்றார். எனக்குக் காசு வேண்டும், ஒரு மாதத்தில் வருகிறேன் என்று நீங்கள் எங்களுக்குச் சொல்வதற்குப் பெயர்தான் நோட்டீஸ் என்றார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்னக் கடதாசியை எடுத்துக் காட்டினார். பெயரும் கையெழுத்தும் தொகையும் எழுத நாலைந்து கோடு, அவ்வளவுதான்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் நல்ல மனிதர், அதனால் இன்னும் ஒன்றும் சொன்னார். வீட்டில் இப்படி ஒரு வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஒரு மாதமும் தேவையில்லை, வந்த அன்றைக்கே தந்திருப்போம் என்றார். எழும்பி வந்து என் தோளில் கையை வைத்தார். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மனோ கேட்டாள்:

"என்னவாம்?"

"அவங்கடை பிழைதானாம். எங்கடை பைல் எங்கையோ மாறுப்பட்டுப் போச்சாம். மன்னிப்புக் கேட்டவங்கள்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. பதினொரு வருடம் கச்சேரி வாசலில் நின்றவர்களுக்குச் சொல்லிப் பழகியது, தானாக வாயில் வந்தது.

மனோவின் முகம் ஒரு மாதிரிப் போனது. "அவையும் என்ன செய்யிறது, எத்தினை பேற்றை பைலைப் பாக்கிறது" என்றாள். அவள் பாங்கை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வெட்கம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

7

அந்தக் காசை நாங்கள் எடுக்கவில்லை. காருக்கு முற்பணம் கட்ட வேண்டியிருந்தபோது நான் ஒருதரம் அந்தப் பேச்சை எடுத்தேன். "அது அம்மான்ரை காசு" என்றாள் மனோ. பிறகு எடுக்கவில்லை. காரை இரண்டு வருடம் பிந்தி வாங்கினோம். பாங்குப் புத்தகம் அவளுடைய கூறைச் சேலையின் மடிப்புக்குள் கிடக்கிறது. தொடமுடியாத இடத்தில் வைக்க நினைத்த காசு உண்மையாகவே தொடமுடியாத காசாகிவிட்டது.

நான் எப்படி இருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. விசில் சத்தம் கேட்டால் இப்போதும் நான் தபால் பெட்டிப் பக்கம் போகமாட்டேன். சுபா பள்ளியிலிருந்து ஏதாவது துண்டுக் கடதாசி கொண்டுவந்து, "அப்பா, நோட்டீஸ்" என்று நீட்டினால் உடனே கையை நீட்டி வாங்க முடிவதில்லை. மேசையில் வைத்துவிட்டுப் போ என்பேன். வேலையால் வரும்போது ரயிலில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் நான் கச்சேரியில் இருப்பேன். மேசைத் தட்டு நிறைய நோட்டீஸ். வாசலில் மாமி நிற்பா, வெள்ளைச் சேலையோடு, வெயிலில். "வரேல்லையே தம்பி?" என்று கேட்பா. எனக்குத் தட்டில் இருப்பது தெரியும். ஆனாலும் என் வாய், வரும்போது வரும், போங்கோ மாமி என்று சொல்லும். அவ சரி என்று தலையாட்டிவிட்டுப் போவா. இரண்டுதரம் நான் இறங்கவேண்டிய ஸ்ரேசன் தாண்டிப் போயிருக்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. என் ஆங்கிலத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அலுவலகக் கடிதம் எது வந்தாலும் சுபாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். பிள்ளையைப் பழக்குகிறேன் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். பிள்ளையும் பழகிவிட்டாள். இப்போது வீட்டில் அவள் பேசுவது முழுக்க ஆங்கிலம். தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில். ஊருக்குக் கடிதம் எழுதும்போது கடைசியில் தன் பெயரை மட்டும் தமிழில் எழுதுவாள், அதிலும் சுழி ஒன்று கூடுதலாக இருக்கும். அதற்கும் நான்தான் வழி செய்து கொடுத்தேன் என்று சில வேளை நினைப்பதுண்டு.

8

திவசம் முடிந்த சனிக்கிழமை பாங்கிலிருந்து கடிதம் வந்தது. வட்டி மாறுவதாக எல்லோருக்கும் அனுப்புகிற சாதாரணக் கடிதம். நான் குசினிப் பைப்பில் தண்ணீர் ஒழுகுவதைத் திருத்திக்கொண்டு தொட்டிக்குக் கீழே கிடந்தேன். மனோ வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். வழக்கம்போலக் கடிதத்தைச் சுபாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். சுபா தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"வட்டி கூடுதாம், அம்மா. அண்ட் தென், காசு எடுக்கிறதெண்டால் வன் மன்த் நோட்டீஸ் குடுக்கவேணுமாம். சேம் அஸ் பிஃபோர்."

"ஆர் குடுக்கிறது?"

"நாங்கள்."

"பாங்கெல்லோ நோட்டீஸ் அனுப்பிறது."

"நோ, அம்மா. வீ கிவ் இற். வீ ஜஸ்ற் ரெல் தெம்."

கத்திச் சத்தம் நின்றது. நான் தொட்டிக்குக் கீழேயே கிடந்தேன். வெளியே வர எனக்குத் தைரியம் வரவில்லை.

"பிள்ளை, நீ வெளியிலை போய் விளையாடு" என்றாள் மனோ.

சுபா போன பிறகு நான் எழும்பி வந்தேன். மனோ கதிரையில் இருந்தாள். கடிதத்தில் அந்த வரியை விரலால் தேடிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"அம்மா செத்து மூண்டாம் கிழமை. நான் பாங்குக்குப் போன அண்டைக்கு."

"அப்ப பைல் மாறுப்பட்டது?"

"அது நான் சொன்ன பொய்."

அவள் என்னை ஏசுவாள் என்று காத்து நின்றேன். நாலு வருடமாக அதற்கு என்னைத் தயார்ப்படுத்தியிருந்தேன். அவள் வெங்காயக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வேறொன்று சொன்னாள்.

"நான் ஒருநாள் பாங்குக்குப் போனனான்."

"எப்ப?"

"அம்மாவுக்கு ஏலாமல் கிடக்கேக்கை. உங்களுக்குச் சொன்னால் ஏசுவியள் எண்டு சொல்லாமல் போனனான். புத்தகத்தையும் கொண்டு போய் லைனிலை நிண்டன். என்ரை முறை வர, அந்தப் பெட்டையிட்டைப் புத்தகத்தைக் குடுத்து 'நோட்டீஸ்' எண்டன். அவள் நிரப்பிற சின்ன ஃபோம் ஒண்டை எடுத்து நீட்டினவள்."

எதிர்க் கதிரையில் இருந்தேன்.

"நான் ஃபோம் கேக்கேல்லையே, நோட்டீசெல்லோ கேட்டனான். 'நோ, நோட்டீஸ்' எண்டன். அவள் திரும்பத் திரும்ப அந்த ஃபோமைத்தான் காட்டினவள். ஏதேதோ சொன்னவள், விளங்கேல்லை. பின்னாலை ஆக்கள் பாத்துக்கொண்டு நிண்டவை. எனக்கு வெக்கமாய்ப் போச்சு. ஃபோமை அதிலையே வைச்சிட்டு வந்திட்டன்."

வெளியே சுபா யாரோடோ ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது.

"பிறகு நீங்கள் வந்து பைல் மாறுப்பட்டுப் போச்செண்டு சொன்னியள். நான் போய்ப் பிழையாக் கேட்டதாலைதான் அவங்கள் பைலை எங்கையோ மாத்தி வைச்சிட்டாங்கள் எண்டு நினைச்சன். நான் சும்மா வீட்டிலை இருந்திருந்தால் நோட்டீஸ் வந்திருக்கும், அம்மாவைப் பாத்திருப்பன் எண்டு நினைச்சன். அதை உங்களுக்குச் சொல்லப் பயம். நாலு வருசமும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு திவசம் செய்தனான்."

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டது அவளுக்குக் கேட்டதோ தெரியாது. அவள் எழும்பிப் போய் மிச்ச வெங்காயத்தை வெட்டி முடித்தாள்.

9

திங்கட்கிழமை மனோ தனியே பாங்குக்குப் போய் வந்திருக்கிறாள். நான் வேலையால் வந்தபோது குசினி மேசையில் ஃபோம் இருந்தது. பெயரும் இலக்கமும் அவளே ஆங்கிலத்தில் நிரப்பி, கீழே தன் கையெழுத்தையும் வைத்திருந்தாள். தொகைக்கு நேரே 'முழுவதும்' என்று எழுதியிருந்தாள். காரணம் என்று இன்னொரு கோடு இருந்தது. விரும்பினால் எழுதலாம், வெறுமனேயும் விடலாம் என்று அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது. அவள் வெறுமனே விடவில்லை. சுபாவிடமும் கேட்காமல், என்னிடமும் கேட்காமல், ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்:

என் அம்மாவைப் பார்க்க.

"கையெழுத்தை வையுங்கோ" என்றாள். "ரண்டு பேரும் வைச்சால்தான் தருவாங்களாம்."

நான் வைத்தேன். மனோ அதை ஒருதரம் பார்த்தாள். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.